வீட்டிற்கு ஏற்ற ஆல் இன் ஒன் இங்க்ஜெட் பிரிண்டர்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் கேட்கும் அடுத்த கேள்வி, "எந்த பிரிண்டர் வாங்கலாம்?" என்பதுதான். பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட், தேர்வு ஹால் டிக்கெட், ஆதார் நகல், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எனத் தாளில் எடுக்க வேண்டியவை வீட்டில் எப்போதும் இருக்கின்றன. நகரத்தில் இருப்பவர் தெருமுனைக் கடைக்குச் சென்று வந்துவிடலாம். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் இருப்பவருக்கு ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க அரை நாள் ஆகலாம். பஸ் செலவு வேறு.

கடைக்குப் போனால் நான்காயிரம் ரூபாய் அளவில் ஒரு பிரிண்டரும், பத்தாயிரத்தைத் தாண்டி இன்னொன்றும் அருகருகே இருக்கும். இரண்டும் பிரிண்ட் எடுக்கும், ஸ்கேன் செய்யும், நகல் எடுக்கும். பிறகு ஏன் இந்த விலை வித்தியாசம்? வீரசோழன் சந்தையில் ஆடு பிடிக்கப் போகிறவர் விலையை மட்டும் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். பிரிண்டருக்கும் பார்க்க வேண்டிய "பல்" ஒன்று இருக்கிறது. அது ஒரு பக்கத்திற்கு ஆகும் மைச் செலவு.

முதலில், இங்க்ஜெட் எப்படி இயங்குகிறது?

பிரிண்டரின் ஹெட் என்ற பகுதியில் தலைமுடியை விட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே மைத்துளிகள் தாளில் பீய்ச்சப்படுகின்றன. சிவகாசி அச்சகங்களில் காலண்டர் அச்சிடப் பயன்படும் அதே நான்கு வண்ணங்கள்தான் இங்கும்: சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. இந்த நான்கின் கலவையில் மற்ற வண்ணங்கள் எல்லாம் கிடைக்கின்றன.

மைத்துளியை வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெப்ப முறை. சிறு ஹீட்டர் மையைச் சூடாக்க, அதில் எழும் குமிழி துளியைத் தள்ளும். 1977ல் கேனான் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய ஊசியில் பட, மை பீறிட்டு வந்ததைப் பார்த்து இந்த எண்ணம் பிறந்தது என அந்நிறுவனம் கூறுகிறது. எச்.பி. நிறுவனம் 1984ல் தன் திங்க்ஜெட் பிரிண்டரையும், கேனான் 1985ல் தன் பப்பிள்ஜெட் பிரிண்டரையும் வெளியிட்டன. இன்னொன்று பீசோ முறை. மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒரு பொருள் மையை அழுத்தித் தள்ளும். இதில் வெப்பம் இல்லை. எப்சன், பிரதர் பிரிண்டர்கள் இந்த வகை.

இரண்டுமே நல்ல முறைகள்தாம். ஆனால் இரண்டிற்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அது துளைகளில் மை காய்ந்து போவது. நம் வறண்ட பகுதியில் இதை மறக்கவே கூடாது.

கார்ட்ரிட்ஜா? டேங்க்கா?

விலை குறைந்த பிரிண்டர்களில் மை, சிறிய கார்ட்ரிட்ஜில் வருகிறது. பிரிண்டரைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, கார்ட்ரிட்ஜ் விற்பனையில் லாபம் பார்ப்பது இந்த வியாபாரத்தின் வழி. சிறிய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் 100 முதல் 180 பக்கங்கள் வரைதான் அச்சிட முடியும்.

2000 ஆம் ஆண்டுகளில் நம் ஊர் மெக்கானிக்குகள் இதற்கு ஒரு வழி கண்டனர். பிரிண்டருக்கு வெளியே மை பாட்டில்களை வைத்து, குழாய் மூலம் கார்ட்ரிட்ஜுக்கு இணைத்தனர். பல நாடுகளில் இப்படி நடந்தது. இதைக் கவனித்த எப்சன், 2010ல் தானே டேங்க் பொருத்திய பிரிண்டரை இந்தோனேசியாவில் அறிமுகம் செய்தது. பின்னர் கேனான், எச்.பி., பிரதர் நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன. இந்த வகையில் பாட்டிலில் இருந்து மையை நாமே டேங்க்கில் ஊற்றிக் கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, எப்சன் எல் 3250 போன்ற மாடல்களுக்கான 003 வரிசை மையில், ஒரு கருப்பு பாட்டில் 4,500 பக்கங்களுக்கும், மூன்று வண்ண பாட்டில்கள் சேர்ந்து 7,500 பக்கங்களுக்கும் வரும் என நிறுவனம் கூறுகிறது.

இந்த எண்கள் ஐ.எஸ்.ஓ. அமைப்பு வகுத்த மாதிரிப் பக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. முழுப் பக்கப் படம் அச்சிட்டால் இத்தனை பக்கம் வராது. முதல் முறை நிரப்பும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு காகிதம் எடுங்கள், கணக்குப் போடலாம்

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக் கொண்டவை. உங்கள் கடையில் கேட்ட விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் விலை 4,000 ரூபாய். கருப்பு கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய். 120 பக்கம் வரும். 800ஐ 120ஆல் வகுத்தால், ஒரு பக்கத்திற்கு மை மட்டும் 6 ரூபாய் 67 காசு.

டேங்க் பிரிண்டர் விலை 11,500 ரூபாய். கருப்பு மை பாட்டில் 400 ரூபாய். 4,500 பக்கம் வரும். ஒரு பக்கத்திற்கு சுமார் 9 காசு.

விலை வித்தியாசம் 7,500 ரூபாய். பக்கத்திற்கு மிச்சமாவது 6 ரூபாய் 58 காசு. 7,500ஐ 6.58ஆல் வகுத்தால் 1,140 பக்கம். அதாவது 1,140 பக்கம் அச்சிட்டவுடன், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் (60 மாதம்) வைத்திருந்தால் மாதத்திற்கு 19 பக்கம். மூன்று ஆண்டுகள் என்றால் மாதத்திற்கு 32 பக்கம். பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இது எளிதாகத் தாண்டிவிடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அது பிரிண்டரே வாங்காமல் இருப்பது. கடையில் ஒரு பக்கம் 5 ரூபாய் என வைத்துக் கொள்வோம். வீட்டில் தாளுக்கு 60 காசு, மைக்கு 9 காசு. ஏறத்தாழ 70 காசு. மிச்சம் 4 ரூபாய் 30 காசு. 11,500 ரூபாயை எடுக்க 2,674 பக்கம் அச்சிட வேண்டும். ஐந்து ஆண்டில் என்றால் மாதத்திற்கு 45 பக்கம். இதை விடக் குறைவாக அச்சிடுபவருக்கு பிரிண்டர் பணத்தை மிச்சப்படுத்தாது. அலைச்சலையும் பஸ் செலவையும் மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். அது உங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாதத்திற்கு ஐந்தாறு பக்கம், அதுவும் கருப்பு வெள்ளையில் மட்டும் எடுப்பவர் இங்க்ஜெட் பக்கம் போகவே வேண்டாம். அவருக்குக் கடை போதும். அல்லது சிறிய லேசர் பிரிண்டர் பொருந்தும். லேசரில் உள்ளது பொடி. எத்தனை மாதம் சும்மா இருந்தாலும் காயாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. மையின் வகை: டை மை தண்ணீரில் கரையும், படங்கள் பளிச்சென்று வரும். பிக்மென்ட் மை நுண்ணிய துகள்களால் ஆனது; ஈரம் பட்டாலும் எளிதில் கலங்காது. வியர்த்த கையில் பிடித்துச் செல்லும் ஹால் டிக்கெட்டுக்கும், பல ஆண்டுகள் வைத்திருக்கும் ஆவண நகலுக்கும் கருப்பு மை பிக்மென்ட் ஆக இருப்பது நல்லது. எச்.பி., கேனான் டேங்க் மாடல்கள் பலவற்றில் கருப்பு பிக்மென்ட் ஆகவே உள்ளது. எப்சனின் 003 வரிசையில் நான்கும் டை. 001 வரிசையில் கருப்பு பிக்மென்ட். பாட்டில் எண்ணைக் கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

2. ஹெட்: கேனான் ஜி வரிசை, எச்.பி. ஸ்மார்ட் டேங்க் ஆகியவற்றில் ஹெட்டைத் தனியே வாங்கி மாற்ற முடியும். எப்சனில் ஹெட் நீண்ட நாள் உழைக்கும் வகையில் அமைந்தது. ஆனால் கெட்டால் சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. மை காய்ந்தால் புது கார்ட்ரிட்ஜுடன் புது ஹெட்டும் வந்துவிடும். இது அந்த வகையின் ஒரு நன்மை.

3. கழிவு மை: ஒவ்வொரு முறை ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதும் வீணாகும் மை, பிரிண்டருக்குள் உள்ள பஞ்சில் சேர்கிறது. அது நிரம்பிவிட்டதாகக் கணக்கிட்டால் பிரிண்டர் நின்றுவிடும். கேனான் ஜி 3020 போன்ற மாடல்களில் இதை நாமே மாற்றும் வகையில் தனிப் பெட்டியாகத் தந்துள்ளனர். மற்றவற்றில் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லாதவர்களுக்கு இது முக்கியம்.

4. ஸ்கேனர்: விளம்பரத்தில் ஆயிரக்கணக்கில் டிபிஐ போட்டிருப்பார்கள். மயங்க வேண்டாம். ஆவணங்களுக்கு 300 டிபிஐ தாராளமாகப் போதும். ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்கப்படாத நிலையில் சுமார் 26 மெகாபைட் ஆகும். 600 டிபிஐ என்றால் நான்கு மடங்கு. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் கேட்கிறார்கள். எனவே ஸ்கேன் செய்த பின் அளவைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டுமே தவிர, டிபிஐயைக் கூட்டுவதில் பயன் இல்லை.

5. கண்ணாடியின் அளவு: வீட்டு ஆல் இன் ஒன் பிரிண்டர்களில் ஸ்கேனர் கண்ணாடி ஏ4 அளவே இருக்கும், நீளம் சுமார் 29.7 சென்டிமீட்டர். நம் நிலப் பத்திரங்கள் அதைவிட நீளமான தாளில் இருப்பதால் அடிப்பகுதி விடுபட்டுவிடும். கையெழுத்தும் சாட்சியும் அங்கேதான் இருக்கும். இரண்டு பகுதிகளாக ஸ்கேன் செய்யுங்கள். அல்லது அந்த வேலைக்கு மட்டும் கடைக்குச் செல்லுங்கள். நீளத் தாளில் பிரிண்ட் எடுக்க முடிகிறதே என்று ஸ்கேனும் செய்யும் என நினைத்துவிட வேண்டாம்.

6. இணைப்பு: கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்றால் யுஎஸ்பி போதும். போனில் இருந்தும் அச்சிட வேண்டும் என்றால் வைஃபை உள்ளதை வாங்குங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாவிட்டாலும் வைஃபை டைரக்ட் வசதி மூலம் போன் நேராக பிரிண்டருடன் பேசும். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும் என்பதைக் கவனியுங்கள். யுஎஸ்பி கேபிள் பெட்டிக்குள் உள்ளதா என்று கடையிலேயே கேளுங்கள்.

7. சர்வீஸ்: வீட்டிற்கே வந்து பார்ப்பார்களா, அதில் உங்கள் பின்கோடு அடங்குமா, அல்லது அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ நீங்கள் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். வாரண்டி பெரும்பாலும் "இத்தனை ஆண்டு அல்லது இத்தனை பக்கம், எது முதலில் வருகிறதோ அது" என்றே இருக்கும். ரசீதில் சீரியல் எண் இருக்கட்டும்.

வீட்டிற்குக் கொண்டு வந்ததும்

டேங்க் பிரிண்டரில் கடையில் வைத்து மை நிரப்ப விடாதீர்கள். நிரப்பிய பின் பஸ்ஸிலோ டூவீலரிலோ சாய்த்துக் கொண்டு வந்தால் மை கசிந்து உள்ளே பரவும். பெட்டி சீல் பிரிக்காமல் வரட்டும். வீட்டில் சமமான மேஜையில் வைத்து நிரப்புங்கள். பாட்டிலின் வண்ணத்தையும் டேங்க்கின் வண்ணத்தையும் ஒருமுறைக்கு இருமுறை சரி பாருங்கள்.

டிரைவர் சிடி வந்தாலும் இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. நிறுவனத்தின் சொந்த இணைய தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை டவுன்லோட் செய்திடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் "கஸ்டமர் கேர்" என்ற பெயரில் போலி போன் எண்கள் கிடைக்கும். போனில் பேசுபவர் உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவில் இருந்து இயக்கும் புரோகிராமை நிறுவச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, பணம் அனுப்பச் சொன்னாலோ உடனே போனை வைத்துவிடுங்கள். பெட்டியிலும் வாரண்டி அட்டையிலும் அச்சிட்டுள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் ஊர் வெயிலில் காப்பாற்றுவது எப்படி?

பல இங்க்ஜெட் பிரிண்டர்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்திற்கே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் இதைவிட வெப்பம் ஏறும். எனவே ஜன்னல் ஓரம் வேண்டாம். ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். வீட்டின் குளுமையான மூலையில் வையுங்கள். காற்றில் பறக்கும் கரிசல் புழுதி உள்ளே போகாமல், வேலை முடிந்ததும் துணியால் மூடி வையுங்கள்.

பிரிண்டரை அதன் பவர் பட்டனை அழுத்தியே நிறுத்துங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்திற்குச் சென்று ரப்பர் மூடியில் அமரும். சுவிட்ச் போர்டில் நேராக அணைத்தால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நின்று, மை காயத் தொடங்கும். அச்சிடும்போது மின்வெட்டு வந்தாலும் இதே நிலைதான். மின்சாரம் வந்ததும் பிரிண்டரை ஒருமுறை இயக்கி, முறையாக நிறுத்துங்கள். இங்க்ஜெட் அச்சிடும்போது எடுக்கும் மின்சாரம் 12 முதல் 20 வாட் அளவுதான் என்பதால், கம்ப்யூட்டருக்கான யுபிஎஸ்ஸில் தாராளமாக இணைக்கலாம். லேசர் பிரிண்டரை மட்டும் சிறிய யுபிஎஸ்ஸில் இணைக்கக் கூடாது. அது சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும்.

வாரம் ஒருமுறை, நான்கு வண்ணமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். சில காசு மைதான் செலவு. ஊருக்குப் போய் மாதக் கணக்கில் பூட்டி வைத்தால் எந்த இங்க்ஜெட்டும் தாங்காது.

எழுத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதா? பிரிண்டர் டிரைவரில் மெயின்டனன்ஸ் பகுதிக்குச் சென்று முதலில் நாஸில் செக் எடுங்கள். கோடு விடுபட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் கொடுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். மை வீணாகும், கழிவுப் பஞ்சும் நிரம்பும். சில மணி நேரம் விட்டு மீண்டும் பாருங்கள். டேங்க்கில் மை கீழ்க்கோட்டைத் தொடும் முன் நிரப்பிவிடுங்கள். காலியாக ஓடினால் குழாயில் காற்று புகுந்து ஹெட் பாழாகலாம்.

பெயர் தெரியாத மலிவு மையைத் தவிர்த்திடுங்கள். பக்கத்திற்கு 9 காசு ஆகும் இடத்தில் 4 காசு மிச்சப்படுத்தி, சில ஆயிரம் ரூபாய் ஹெட்டை இழப்பது லாபம் அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலை மாறும். தாள் ஈரம் இழுத்து வளைந்து ஒட்டிக் கொள்ளும். பிரித்த கட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, தேவையான தாள்களை மட்டும் ட்ரேயில் வையுங்கள்.

சுருக்கமாக

மாதம் ஐந்தாறு பக்கமா? கடையே போதும். கருப்பு வெள்ளை மட்டும், எப்போதாவது என்றால் சிறிய லேசர். மாதம் 20, 30 பக்கத்திற்கு மேல், வண்ணமும் ஸ்கேனும் வேண்டும் என்றால் டேங்க் வகை ஆல் இன் ஒன். கையில் நான்காயிரம்தான் இருக்கிறது என்றால், கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை வாங்கிவிட்டு மைக்கு அழுவதை விட, சில மாதம் பொறுத்து டேங்க் வாங்குவதே நல்லது.

கடைக்குச் செல்லும்போது மூன்று எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள்: பிரிண்டர் விலை, மை விலை, அந்த மையில் வரும் பக்கங்கள். மை விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையை மற்ற மாடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.